மாமாவின்ர மரமும் அம்மாவின்ர பெர்மிட்டும்

லண்டனில இருந்து பெரிய மாமா கொண்டந்த சாமான்களில பழுதில்லாமல் வந்து சேர்ந்தது ஒரு மரம் மட்டும்தான். சொக்கிலேற் எல்லாம் கரைஞ்சு களியாப் போச்சு. எனக்கெண்டு வாங்கின சப்பாத்துக்குள்ள என்ர பெருவிரல் மட்டும்தான் போச்சுது. சென்ற் போத்தில் ஓமந்தைச் செக்கிங்கில பையைக் கிண்டேக்க உடைஞ்சு, மனுசன்ர பெனியன் எல்லாம் கலியாண வீடு மாதிரி மணத்துக்கொண்டிருந்தது. மரத்தை மட்டும் ஒரு நீட்டுக் குழாய்க்குள்ள சுருட்டித் தோளில கொழுவிக்கொண்டு வந்தார். தூரத்தில பாத்தால் சுடுற துவக்கு மாதிரி. அதால ஆமி, இயக்கம் எண்டு ரெண்டு பக்கத்துச் செக்கிங்கிலயும் அவரைத்தான் ஆகக் கூட நேரம் மறிச்சவங்கள்.

சண்டை நிண்டு பாதை திறந்து அடுத்த வருசம் அது. வெளிநாட்டில இருந்த ஆக்கள் எல்லாம் வந்து, தங்கட வீடு இருந்த இடத்தில நிண்டு வீடியோ எடுத்துக்கொண்டு திரிஞ்ச காலம். எங்கட கொலனியில கிழமைக்கு ஒரு வெளிநாட்டுக்காரர். கோழியள் பாவம்.

மாமா வந்து முகம் கழுவ முந்தி மரத்தை விறாந்தையில விரிச்சார். நல்ல மினுங்கல் தாள், பாய் அளவு. அதில ஒரு ஆலமரம் கீறி, கிளைக்குக் கிளை பெட்டி அடிச்சுப் பேர் எழுதிக் கிடந்தது. கீழ்ப் பெட்டியில அவற்ர ரெண்டு பொடியங்கள். அதுக்கு மேல அவர். அவருக்கு மேல எங்கட அப்பு, அம்மாவின்ர தேப்பன். அப்புவுக்கு மேல ஆரோ ஒராள், பேர் பாதிதான். உச்சியில ஒரு பெரிய பெட்டி, ஓரமெல்லாம் தங்கக் கலர், உள்ளுக்கு ஒண்டுமில்லை.

"இந்தப் பெட்டிதான் மருமோன் முக்கியம்," எண்டார் மாமா. "நாங்கள் லேசுப்பட்ட ஆக்கள் இல்லை. வன்னியை ஆண்ட ஆக்களின்ர வழி. அதை எழுத்தில எடுக்கோணும்."

எனக்குத் தெரிஞ்சு எங்கட அப்பு ஆண்டது ஒரு வாய்க்கால் வரம்பை. அதுக்கும் பக்கத்து வயல்காரன் ஒத்துக்கொள்ளேல்ல எண்டு கேள்வி.

"ஏன் மாமா இப்ப திடீரெண்டு?"

"அங்க எல்லாரும் செய்யினம். என்ர சம்மந்தியாக்கள் பதினெட்டாம் நூற்றாண்டு வரைக்கும் போயிட்டினம்."

மாமா ஏன் வந்தவர் எண்டு எனக்கு அப்பதான் விளங்கினது. சம்மந்தி பதினெட்டில நிக்கிறார். மாமா பதினேழுக்காவது போகோணும்.

அம்மாவுக்கு மரம் தேவையில்லை. அவாவுக்கு வேண்டியது ஒரு கையெழுத்து.

பரந்தன் சந்தியில இறங்கி உள்ளுக்குப் போற எங்கட கொலனியில அப்புவுக்கு அரசாங்கம் வயல் குடுத்தது. பெர்மிட் அவற்ர பேரில. அவர் செத்து கனகாலம். அம்மாதான் பிறகு உழுவிச்சு, விதைச்சு, வெட்டி எடுத்தவா. அப்பா போன பிறகும் அவாதான். இடம்பெயர்ந்து திரும்பி வந்து பாக்கேக்க வயலில ஆளுயரத்துக்குப் பத்தை. அதை வெட்டினதும் அவாதான். பாம்பை அடிச்சது மட்டும் நான். அதுவும் சாரைப்பாம்பு.

ஆனால் பெர்மிட்டில இன்னும் செத்த மனுசன்ர பேர். செத்த மனுசனுக்கு மானிய உரம் இல்லை, வங்கிக் கடன் இல்லை, வீட்டுத் திட்டமும் இல்லை. ஏஜிஏ எண்ட அரசாங்க அதிகாரியின்ர கந்தோரில கிளாக்கர் அம்மா வடிவா விளங்கப்படுத்தினவா. அப்பு தனக்குப் பிறகு ஆரெண்டு எழுதி வைக்கேல்ல, அப்ப உரிமை மூத்த மகனுக்கு. மூத்த மகன் நேரில வந்து, பிறப்புப் பத்திரத்தைக் காட்டி, எனக்கு இந்தக் காணி வேண்டாம், தங்கச்சிக்குக் குடுங்கோ எண்டு தங்களுக்கு முன்னால கையெழுத்து வைச்சால் சரி. வைக்காட்டில், வயலுக்கு அம்மா கூலிக்காரி மாதிரித்தான்.

மூத்த மகன் எண்டது எங்கட மாமா. வயலில கடைசியா கால் வைச்சது எப்ப எண்டு அவருக்கும் தெரியாது, வயலுக்கும் தெரியாது. அவர் வாறார் எண்டு கேள்விப்பட்ட உடன அம்மா கோயிலில ஒரு பொங்கல் பொங்கினவா. அண்ணன்ர முகத்தைப் பாக்கப்போறா எண்டு ஊர் நினைச்சது. கையெழுத்தைப் பாக்கப்போறா எண்டு எனக்குத் தெரியும்.

மற்ற நாள் காலமை அம்மா தொடங்கினா.

"அண்ணை, ஒருக்கா கந்தோருக்குப் போயிட்டு வருவமே?"

"பொறு பிள்ளை. வேரைத் தேடுறவன் அவசரப்படக் கூடாது."

"தேடுங்கோ, நான் மறிச்சனானே? கையெழுத்தை வைச்சுப்போட்டுத் தேடுங்கோவன்."

"அதுக்கும் என்ர பிறப்புப் பத்திரம் எடுக்கத்தானே வேணும்? அதோட சேத்து எல்லாத்தையும் எடுப்பம். முதல்ல மேல் பெட்டி, பிறகு உன்ர அலுவல்."

இதில ஒரு சின்ன விசயம் இருந்தது. மாமாவுக்குக் கையெழுத்து வைக்கப் பெரிய விருப்பம் இல்லை. லண்டனில அவர் ஆக்களுக்குச் சொல்லுறது "எனக்கு ஊரில வயல் இருக்கு" எண்டு. வயல் போனால் அவரிட்ட மிச்சம் இருக்கிறது பெற்றோல் செற் வேலையும் இந்த மரமும்தான். அதால மரம் முடியுமட்டும் வயலை விடமாட்டார் போல கிடந்தது. அம்மாவுக்கும் அது விளங்கினது. கோழியை மறிச்சுப்போட்டு அண்டைக்குக் கத்தரிக்காய் வைச்சா.

பின்னேரம் மாமா கமராவைத் தூணில கட்டிப்போட்டு, தன்ர சின்ன வயசுக் கதையைச் சொன்னார். அதுவும் வரலாறாம்.

"எங்கட ஐயா எப்பிடிப்பட்ட ஆள் எண்டதுக்கு ஒரு சம்பவம். நான் சின்னப் பொடியன். ஒருநாள் ஐயாவைப் பாக்கவெண்டு ஒரு பெரிய துரை ஜீப்பில வந்தவர். ஐயா வேட்டி சால்வை. அம்மாவுக்குப் புதுச் சீலை. எனக்குப் புதுச் சேட். வாய்க்கால்கரை மரத்துக்குக் கீழ மேசை போட்டு, ஐயாவைக் கதிரையில இருத்தி, பெரிய புத்தகம் ஒண்டை விரிச்சுக் கையடையாளம் வாங்கினவங்கள். நான் ஐயாவின்ர மடியில. சோடாவும் வாழைப்பழமும் தந்தவங்கள். ஊர்ச்சனம் முழுக்கக் கூடி நிண்டது. ஐயாவுக்கு ஏதோ பெரிய பதவி குடுத்த நாள் அது."

அம்மா குசினி வாசலில நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவா. வாயைத் திறக்கப்போனா, பிறகு என்ன நினைச்சாவோ, சீலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டா. தும்மல் வந்திட்டுதாக்கும் எண்டு நான் நினைச்சன்.

மாமா பிறந்தது முள்ளியவளைப் பக்கம். அப்பு கொலனிக்கு வர முந்தி அங்கதான் இருந்தவர். அதால எங்கட பரம்பரை முள்ளியவளைப் பழைய பரம்பரை எண்டது மாமாவின்ர கணக்கு. அவற்ர பொடியங்கள் ரெண்டு பேரும் லண்டனில பிறந்தவங்கள். அந்தக் கணக்குக்கு அவங்கள் ராணியின்ர பேரன்மார்.

என்ர எம்.டி. தொண்ணூறு மோட்டச்சைக்கிளில அவரைப் பின்னுக்கு ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டன். பரந்தனில இருந்து முல்லைத்தீவுக்குப் போற றோட்டு அப்ப றோட்டு இல்லை, கிடங்குக்குக் கிடங்கு கொஞ்சம் றோட்டு இருந்தது. ஒவ்வொரு கிடங்குக்கும் மாமா ஒருக்கா "ஐயோ" எண்டுவார். முள்ளியவளை வரேக்க அவர் "ஐயோ" எண்டதுக்கும் நான் கியர் மாத்தினதுக்கும் நல்ல தாளம் பிடிபட்டிட்டுது. மரக் குழாயை வீட்டில விட்டிட்டு வாங்கோ எண்டு சொன்னனான். கேக்கேல்ல. செம்மண் தூசியில மனுசன் இறங்கேக்க தலைமயிர், மீசை, குழாய் எல்லாம் ஒரே நிறம்.

முதல் போன கந்தோரில பதிவுப் புத்தகத்தைக் கேக்க, அங்க இருந்தவர் எங்களைப் பாவமாப் பாத்தார்.

"புத்தகமும் இடம்பெயர்ந்ததுதான் ஐயா. எங்க எங்க போச்சுதெண்டு அதுக்குத்தான் தெரியும்."

"பொறுப்பில்லாத வேலை எல்லோ?" எண்டார் மாமா. "லண்டனில எண்டால் முன்னூறு வருசத்துப் புத்தகம் அப்பிடியே இருக்கு."

"லண்டனில புத்தகத்துக்கு ஆரும் பீரங்கிச் செல் அடிக்கேல்லையாக்கும்," எண்டார் அந்த மனுசன். பிறகு ஏதோ இரக்கப்பட்டு, தண்ணீரூற்றில ஒரு பதிவுகாரி இருக்கிறா, அந்தப் பகுதிப் பழைய பிரதி கொஞ்சம் அவாவிட்ட தப்பினது, போய்க் கேளுங்கோ எண்டு விட்டார்.

எங்கட பக்கம் பதிவுகாரருக்குத் தனிக் கந்தோர் ஒண்டும் இல்லை. படலையில ஒரு போட் தொங்கும். பிறப்பு, இறப்பு, விவாகம் எல்லாம் வீட்டு முன் அறையிலதான். தண்ணீரூற்றில நாங்கள் போகேக்க போட்டுக்குக் கீழ ஒரு ஆடு கட்டிக் கிடந்தது. முத்தம் முழுக்க மிளகாய் காயப்போட்டிருந்தா. மாமா குழாயோட நேர மிளகாயுக்கு மேலால நடந்தார்.

"ஐயா! அது மிளகாய். கம்பளம் இல்லை," எண்டு உள்ளுக்கிருந்து ஒரு சத்தம். அதுதான் பதிவுகாரி. கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டுக்கொண்டு வந்தா. "செத்தவீடோ, பிறந்தவீடோ, கலியாணமோ?"

"வரலாறு," எண்டார் மாமா.

"அது என்னட்ட இல்லை. பிறப்பு எண்டால் சொல்லுங்கோ."

அரிசிச் சாக்குக்குள்ள இருந்து புத்தகங்களை எடுத்தா. அதுகளைச் சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு எத்தனை ஊர் ஓடினவா எண்டு ஒரு கதை சொன்னா. "இதுகளைக் கட்டினதால என்ர மனுசன்ர தையல் மெசினைக் கட்ட இடமில்லாமல் போச்சு. இண்டைக்கும் சோறு போடேக்க அதைச் சொல்லிக்காட்டுவார்." உள் அறையில ஒரு இருமல் சத்தம் கேட்டது. ஓம் எண்டு சொல்லுறது போல.

மாமா தன்ர சாதகத்தில இருந்த திகதியைச் சொன்னார். அதில இல்லை. அவா சிரிச்சா. "பிறந்த நாளில தேடினால் வராது ஐயா. அந்த நேரம் ஆர் உடன வந்து பதிஞ்சது? அரிவு வெட்டு முடிஞ்சு கை ஓயேக்க, சந்தைக்கு வாற வழியில பதிவினம்." தை, மாசி எண்டு தட்டிக்கொண்டு போய், பங்குனியில ஒரு இடத்தில விரலை வைச்சா. மாமா கமராவைப் போட்டார்.

"வாசிக்கிறன். பிறந்த பிள்ளை, ஆண். தகப்பன்ர பேர், சரி. தகப்பன்ர தகப்பன்ர பேர், எழுதேல்ல. தொழில், கூலி."

"என்ன?"

"கூலி. வயல் கூலி."

மாமா தொண்டையைச் செருமினார். நான் உதவிக்கு வந்தன். "வன்னியை ஆண்டது சம்பளத்துக்குத்தான் போல மாமா."

பதிவுகாரி நிமிர்ந்து பாக்கேல்ல. மந்திரம் சொல்லுற மாதிரி ஒரே குரலில வாசிச்சுக்கொண்டே போனா. "பெற்றார் விவாகம் செய்தவர்களா? இல்லை."

மாமா கமராவை நிப்பாட்டினார்.

ஆடு ஒருக்கா கத்தினது. மாமா கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தார். பிறகு மெல்லமாக் கேட்டார், "தங்கச்சி, இந்த ஒரு சொல்லை மட்டும் அழிக்கேலாதோ?"

"செல் அடிச்சும் அழியேல்ல ஐயா. நீங்கள் சொல்லி அழியுமோ?" எண்டிட்டு, பிரதியை எழுதி, முத்திரையைக் குத்தி, ஊதிக் காயவைச்சுக் குடுத்தா. "போகேக்க கரையால போங்கோ. மிளகாய்."

தண்ணீரூற்றுச் சந்தியில ஒரு முஸ்லிம் நானாவின்ர தேத்தண்ணிக் கடை. தொண்ணூறில முஸ்லிம் ஆக்களை வன்னியை விட்டு வெளிக்கிடுத்தினதில இருந்து குடும்பம் இன்னும் புத்தளத்தில. அவர் மட்டும் முன்னுக்கு வந்து, கூரையில்லாத தன்ர பழைய கடைக்குப் படங்கு கட்டி ஏவாரம் தொடங்கியிருந்தார். மாமா பத்திரத்தை நாலா மடிச்சு, சேட் பொக்கற்றுக்குள்ள வைச்சு, அதுக்கு மேல கையையும் வைச்சுக்கொண்டு இருந்தார். நெஞ்சு நோ வந்த ஆள் மாதிரி.

"சாருக்கு சுகமில்லையா?" எண்டார் நானா.

"சுகம்தான் நானா," எண்டன் நான். "அவற்ர தாய் தேப்பன் கலியாணம் கட்டேல்லையாம். இப்பத்தான் தந்தி வந்தது."

மாமா பாத்த பார்வையில தேத்தண்ணி ஆறியிருக்கும். நானா வயிறு குலுங்கச் சிரிச்சார்.

"அட தம்பி, உங்கட ஆக்கள் அந்தக் காலத்தில முதல்ல சோறு, பிறகு எழுத்து. கோயிலடியில தாலியைக் கட்டி, மாப்பிள்ளைக்குச் சோத்தைக் குடுத்தால் கலியாணம் சரி. பதியிறதுக்கு ஆர் போனது? எங்கட ஆக்களுக்கு முதல்ல எழுத்து. எழுதாட்டிச் சோறு இல்ல."

"அதுதான் உங்கட வீட்டில புரியாணி பிந்தி வாறது."

"பிந்தினாலும் பதிஞ்ச புரியாணி தம்பி," எண்டார். பிறகு கிளாசைக் கழுவிக்கொண்டு சொன்னார், "என்ன பதிஞ்சு என்ன? வெளிக்கிடச் சொன்ன நேரம் கடுதாசி கட்ட எங்க நேரம்? இந்தக் கடை உறுதியும் போச்சு, கலியாண எழுத்தும் போச்சு. இப்ப நானும் மனுசியும் கட்டினதுக்கு எங்கட சண்டை மட்டும்தான் சாட்சி. சாருக்கு 'இல்லை' எண்டாவது ஒரு கடுதாசி இருக்கு."

மாமாவுக்கு அது ஆறுதலா இருக்கேல்ல. திரும்பி வரேக்க ஒரு கிடங்குக்கும் அவர் "ஐயோ" எண்டு சொல்லேல்ல. நான் தாளம் பிழைச்சு ரெண்டு தரம் விழப்பாத்தன்.

வீட்டில அம்மா படலைக்கு ஓடி வந்தா. "பத்திரம் கிடைச்சதோ?"

"கிடைச்சது. தேவைக்கு மிஞ்சிக் கிடைச்சிட்டுது," எண்டன்.

மாமா கதிரையில இருந்து, பத்திரத்தை அம்மாவிட்ட நீட்டினார். செத்தவீட்டுத் தந்தியை நீட்டுற மாதிரி. அம்மா அதில விவாகம் எண்ட இடத்தில பெரிசா எழுதியிருந்த 'இல்லை'யைப் பாத்தா. பாத்திட்டுச் சிரிக்கத் தொடங்கினவா, சிரிப்பு நிக்கேல்ல.

"அண்ணை, நீங்கள் உண்மையாவே தெரியாமலே இருந்தனீங்கள்?"

"என்ன தெரியாமல்?"

"அந்தத் துரை வந்த நாள்! அம்மா எனக்கு எத்தினை தரம் சொன்னவா. கலியாண எழுத்து இல்லாத ஆக்களுக்குக் கொலனியில காணி இல்லையெண்டு சட்டமாம். வந்த சனத்தில ஒருத்தரிட்டையும் எழுத்து இல்லை. எல்லாம் தாலியும் சோறும்தான். அந்த மனுசன் என்ன செய்யிறது? பதிவுகாரரையும் கொண்டந்து, மரத்துக்குக் கீழ மேசையைப் போட்டு, பிள்ளைகுட்டியோட நிண்ட சனத்தை வரிசையில விட்டு, ஒரே காலமைக்குள்ள எல்லாரையும் கட்டிவைச்சிட்டுப் போயிட்டார். அப்ப ஐயாவுக்குக் குடுத்த பதவி, மாப்பிள்ளைப் பதவி."

மாமா விரல் விட்டு வருசத்தை எண்ணிப் பாத்தார்.

"தாய் தேப்பன்ர கலியாணத்தில மடியில இருந்து வாழைப்பழம் சாப்பிட்ட ஆள் நீங்கள். ஆருக்குக் கிடைக்கும் அண்ணை? அதுக்குப் பிறகுதானே நான் பிறந்தது. என்ர பத்திரத்தில 'ஆம்' எண்டு கிடக்கு. இந்த வீட்டில முறையாப் பிறந்தது நான் ஒராள்தான்."

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மாமா எழும்பினார். பத்திரத்தைப் பறிச்சு மடிச்சார்.

"இதை நான் ஒருத்தருக்கும் காட்டமாட்டன். என்ர பிள்ளையளின்ர கண்ணில பட்டால் என்ன நினைப்பினம்? சம்மந்தியாக்கள் என்ன நினைப்பினம்?"

"சம்மந்திக்கு ஏன் காட்டுறியள்? கந்தோரில காட்டினால் காணும்."

"கந்தோரிலயும் காட்டமாட்டன். பத்திரம் இல்லாமல் கையெழுத்து வைக்கலாமெண்டால் சொல்லு, வைக்கிறன். இல்லையெண்டால் அது அப்பிடியே கிடக்கட்டும்."

அம்மாவின்ர சிரிப்பு நிண்டது அப்பதான். அப்பிடியே கிடக்கட்டும் எண்டது அவாவின்ர வயல். பொங்கின பொங்கல், வெட்டின பத்தை, விதைப்புக்கு வங்கியில கேட்ட கடன் எல்லாம் அந்த நாலு மடிப்புக்குள்ள போயிட்டுது. அண்டிரவு மாமாவுக்கு முன்னால சோத்துக் கோப்பையை வைச்ச சத்தம் பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும்.

ரெண்டு மூண்டு நாள் கமரா தூணில சும்மா தொங்கினது. மாமா மரத்தையும் விரிக்கேல்ல. அவர் திரும்பிப் போற நாள் கிட்ட வந்தது. அம்மா கெஞ்சுவா எண்டு நான் பாத்துக்கொண்டிருந்தன். அவா கெஞ்சுற ஆள் இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவா, வருவா. எனக்குத்தான் பொறுக்கேலாமல் போச்சு. கிணத்தடியில மாமா பல்லு மினுக்கேக்க பக்கத்தில போய் நிண்டன்.

"மாமா, நீங்கள் கையெழுத்து வைக்காததும் நல்லதுதான்."

"ஏன்?"

"இனிக் காணி விசாரணை வைப்பினம். அது நல்ல வடிவா நடக்கும். ஊர் விதானையார் சங்கக் கடையில அரசாங்க நோட்டீஸ் ஒட்டுவார். அப்புவின்ர பிள்ளையள் ஆர், எப்ப பிறந்தது, அப்ப எழுத்து முடிஞ்சதோ இல்லையோ எண்டு ஊர்ச்சனம் முழுக்க ஒவ்வொருத்தரா வந்து சாட்சி சொல்லும். உங்கட வீடியோக்கு நல்ல சாமான்."

மாமா பற்பசையை விழுங்கிப்போட்டார்.

நோட்டீஸ் ஒட்டுறது உண்மை. மிச்சம் நான் போட்ட மசாலா. அண்டைக்கே, தேத்தண்ணியும் குடியாமல், "பிள்ளை, கந்தோருக்கு வெளிக்கிடு" எண்டார்.

கந்தோரில நல்ல சனம். மாமா பத்திரத்தைத் தனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் போட்டு மடிச்சிருந்தார். அவற்ர பேரும், அப்புவின்ர பேரும் மட்டும் வெளியில தெரியும். மற்றதெல்லாம் உள்ளுக்கு. அதுக்கு மேல ஒரு கிளிப்பும் குத்தியிருந்தார். கிளாக்கர் அம்மா கிளிப்பைக் கழட்டி, மடிப்பை விரிச்சு, உள்ளங்கையால ரெண்டு தரம் தேய்ச்சு நேராக்கினா. உடுப்பு மினுக்கிற மாதிரி. பிறகு சத்தமா வாசிச்சா. அவாவுக்குச் சத்தம் போட்டு வாசிச்சாத்தான் கண் தெரியுமாம்.

"தகப்பன் தொழில் கூலி. பெற்றார் விவாகம் இல்லை."

மாமா கண்ணை மூடினார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து சனத்தைப் பாத்தார். ஒருத்தரும் நிமிரேல்ல. ஒராள் காதைக் குடைஞ்சுகொண்டு நிண்டார். ஒரு பிள்ளை அழுதது, அது பால் கேட்டு. ஊர் சிரிக்கும் எண்டு பயந்து வந்த மனுசன், ஊர் சிரிக்காததால இன்னும் குழம்பிப்போனார்.

வாங்கில இருந்த ஒரு கிழவி மட்டும் கையை நெத்தியில வைச்சு மாமாவை உத்துப் பாத்தா. வெத்திலை வாயோட கேட்டா, "ஆர் மோனை நீ? கடைசி வாய்க்கால்காரற்ற மூத்தவனே?"

"ஓம்," எண்டார் மாமா, சத்தமே இல்லாமல்.

"கொம்மாவும் நானும் ஒரே நாள்தானே எழுத்து. எனக்கு எழுதிப்போட்டுத்தான் அவளுக்கு எழுதினவங்கள். அண்டைக்கு என்ர மூண்டாவது வயித்தில. துரைக்கு ஒரே சிரிப்பு. நீ எத்தினை வாழைப்பழம் திண்டனி எண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ? வயித்தாலை அடிச்சு, கொம்மா புதுச் சீலையோட உன்னை வாய்க்காலில கழுவினவள்."

இப்ப சனம் சிரிச்சது. கிளாக்கர் அம்மாவும் சிரிச்சா. ஆனால் வாழைப்பழத்துக்குத்தான். எழுத்துக்கு இல்லை.

"யோசியாதேங்கோ ஐயா," எண்டா அவா. "இந்தக் கொலனி மூத்த பிள்ளையள் எல்லாருக்கும் 'இல்லை'தான். 'ஆம்' எண்டு ஒண்டு வந்தால்தான் நான் கள்ளப் பத்திரமோ எண்டு திருப்பிப் பாக்கிறனான். இதில வையுங்கோ."

மாமா வைச்சார். இங்கிலீசில, நீட்டா, வால் எல்லாம் விட்டு. அம்மா அந்தப் பேனை முனையை மட்டும்தான் பாத்துக்கொண்டு நிண்டவா. வால் முடிஞ்ச பிறகுதான் மூச்சு விட்டா. அண்டைக்குப் பின்னேரம் எங்கட கடைசிக் கோழி போச்சுது.

மாமா லண்டன் போய்ச் சேந்து, அடுத்த வெள்ளாமையும் வெட்டினாப் பிறகு, ஆரோ வந்த ஆளிட்ட ஒரு குழாய் குடுத்துவிட்டார். மரம் அச்சடிச்சு வந்தது, முந்தினதை விட மினுங்கல். மேல் பெட்டியில ஒரு நீண்ட பேர், முன்னுக்கு ஒரு பட்டமும் போட்டுக் கிடந்தது. அது ஆரெண்டு எங்கட கொலனியில ஒருத்தருக்கும் தெரியேல்ல. அப்புவின்ர பெட்டிக்குக் கீழ விவாகம் எண்டு ஒரு வருசம் போட்டிருந்தது. அது மாமா பிறக்கிறதுக்கு ரெண்டு வருசம் முந்தி. துரையும் ஜீப்பும் மேசையும் எல்லாம் கிளம்பிப் பின்னுக்குப் போயிட்டுது. மாமா, மாமாவுக்குக் கீழ பொடியங்கள். அவ்வளவுதான்.

நான் கிளை கிளையாத் தேடினன். அம்மா இல்லை. அதால நானும் இல்லை.

பரந்தனுக்குப் போய் ரெலிபோன் கோல் எடுத்து மாமாவைக் கேட்டன். "பொம்பிளைப் பிள்ளையளின்ர கிளையும் போட்டால் தாள் காணாது மருமோன்," எண்டார். "அந்த மரத்தின்ர முறை அப்பிடி."

அம்மாவுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல. சொல்லத் தேவையும் இல்லாமல் போச்சு. நான் வீட்டுக்கு வரேக்க அவாவின்ர கையில வேற ஒரு கடுதாசி. விதானையார் கொண்டந்து குடுத்திட்டுப் போயிருந்தார். பழுப்புத் தாள், மெல்லிசு, ஓரத்தில மை ஊறி. அவாவுக்குச் சின்ன எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது.

"பேர் சரியாக் கிடக்கோ பார்."

பாத்தன். முழுப் பேர். ஆரின்ர மகள் எண்டும் கிடந்தது. நான் வாசிக்க வாசிக்க அவா தலையை ஆட்டிக்கொண்டு நிண்டவா. "இன்னொருக்கா வாசி," எண்டா. வாசிச்சன்.

பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து, உள்ளுக்கிருந்த சீலையளை வெளியில எடுத்தா. மாமாவின்ர மரத்தைத் தூக்கி, ரெண்டா மடிச்சு, பெட்டியின்ர அடியில விரிச்சா. மேல் பெட்டி மூலைக்குள்ள மடங்கிப் போச்சு. அதுக்கு மேல பெர்மிட்டை வைச்சு, சீலையளை அடுக்கி மூடினா.

"நல்ல தடிப்புத் தாள்," எண்டா. "கறையான் கெதியில ஏறாது."